பேசாத கத்தி

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் அரைநொடி. ஒரு முட்டைக்கோஸைச் சாய்த்து, தண்டை அறுத்து, அழுகல் இலையைச் சீவித் தள்ள அவளுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது என்று பழைய மேஸ்திரி ஒருவர் எப்போதோ சொல்லிவைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. உண்மையில் மூன்று நொடியாவது ஆகும். ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் யாரும் கையில் கடிகாரத்தோடு நின்று வைப்பதில்லை. அவளும் திருத்தப் போகவில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற பட்டப்பெயர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

அந்தத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுப்பது ஜோடியாகத்தான். ஒருத்தி வெட்டுவாள், ஒருத்தி பெட்டியில் அடுக்குவாள். வெட்டுகிறவள் கத்தியை எடுக்கும்வரை அடுக்குகிறவள் காத்திருக்க மாட்டாள். கத்தி தண்டுக்குள் போகும்போதே காயைப் பிடித்துவிடுவாள். அப்போதுதான் பின்னால் வரும் டிராக்டருக்கு ஈடுகொடுக்க முடியும். வெட்டுகிறவள் கை எப்போது நிற்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று அடுக்குகிறவளுக்குப் பழகியிருக்க வேண்டும். அதனால் ஒருத்தியை நிறுத்தினால் மற்றவளையும் சேர்த்தே நிறுத்திவிடுவார்கள். பாதி ஜோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் நியாயம்.

அரைநொடிக்கு அடுக்குகிறவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்ட காலமும் உண்டு. பிறகு நாத்தனாரைக் கட்டினவன் இரண்டு பெண் குழந்தைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேறு ஒருத்தியோடு போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து சண்டை போடுவதற்கு இரண்டு பேருக்கும் நேரமில்லாமல் போயிற்று. நாத்தனாருக்குச் சின்ன வயதில் விழுந்து உடைந்த வலது முழங்கை சரியாகக் கூடவில்லை. கை முழுதாக நீளாது. அவளை நம்பி யாரும் கத்தியைக் கொடுக்க மாட்டார்கள். அரைநொடிதான் மேஸ்திரியிடம் போய், "இவ இல்லன்னா நானும் இல்ல" என்று ஒற்றைக் காலில் நின்று அவளை உள்ளே கொண்டுவந்தாள். அது நடந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

வெட்டுகிறவர்களுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வரிசையில் இறங்குவதற்கு முன் எல்லோரும் இடது பெருவிரலைக் கத்தி வாயில் குறுக்காக வைத்துப் பார்ப்பார்கள். நெடுக்காக இழுத்தால் அறுத்துவிடும். குறுக்காக, மெல்லத் தொட்டு எடுப்பார்கள். கூராக இருந்தால் விரலில் சன்னமாக ஒரு சுரசுரப்பு தெரியும். உடனே, "பேசுது" என்பார்கள். கத்திக்கு வாய் என்று பெயர் வைத்தவன் எவனோ, அது பேசும் என்று இந்தப் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். மழுங்கல் கத்தி என்றால் "ஊமை". மேஸ்திரி வரிசை வரிசையாக நடந்து, "பேசுதா?" என்று கேட்டுக்கொண்டே போவார். பேசாத கத்தியோடு யாரும் இறங்கக் கூடாது. மழுங்கல் கத்திதான் வழுக்கிக்கொண்டு போய்க் கையைக் கிழிக்கும்.

முன்பெல்லாம் பேக்கிங் கொட்டகையில் மோட்டார் வைத்த சாணைச் சக்கரம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து கத்தியைப் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் கூராக வந்துவிடும். புதிய நிர்வாகம் வந்ததும் சக்கரத்தை எடுத்துவிட்டார்கள். அவரவர் கத்தி, அவரவர் பொறுப்பு என்று ஒரு தாளை ஒட்டினார்கள். மற்றவர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஆளுக்கொரு சாணையை வாங்கிக்கொண்டார்கள். அரைநொடி மட்டும் ஐந்து மாதமாக வாங்கிக்கொண்டே இருந்தாள்.

கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு ஆணி வாங்கப் போனாலும் எந்தச் சுவருக்கு, எதை மாட்ட, அது எவ்வளவு கனம் என்று விசாரிக்காமல் கொடுக்க மாட்டார். முதல்முறை போனபோது அரைநொடி கண்ணாடிக்குள் இருந்ததிலேயே மலிவான ஒன்றைக் காட்டினாள். பிளாஸ்டிக் பிடி, நடுவில் ஒரு இடுக்கு, இடுக்குக்குள் இரண்டு கெட்டி உலோகத் துண்டுகள். கத்தியை உள்ளே வைத்து நான்கு தடவை இழுத்தால் போதும்.

"எங்க வெட்டுற கத்தி?" என்றார் கடைக்காரர்.

"தோட்டத்துல. கோஸ் வெட்ட."

"மண்ணு படுமா?"

"மண்ணுலதானே கோஸ் இருக்கும்? மரத்துலயா காய்க்குது?"

"அதுக்கில்ல அக்கா. வீட்டுக்குள்ள தக்காளி நறுக்குற கத்தின்னா இது சரி. வெளியில மண்ணும் ஈரமுமா பொழங்குற கத்திக்கு இது ஆகாது. கூரு வராது, வாயைச் செரண்டித் தின்னுடும். ரம்பம் மாதிரி ஆயிடும். அதுக்கு ரெண்டு பக்கமும் தேய்க்கிற கல்லு இருக்கு, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைசு. கொஞ்சம் பழகணும். ஆனா வருஷக்கணக்குல வரும்."

அவள் மலிவானதையே வாங்கிக்கொண்டாள். பழகுவதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது?

பத்தே நாளில் திரும்பி வந்தாள். "உங்க சாமான் சரியில்ல. கத்தி பேசவே மாட்டேங்குது" என்று அவர் மேஜைமேல் வைத்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை, நான் அப்போதே சொன்னேன் என்று குத்திக்காட்டவும் இல்லை. அந்த வகையில் நல்ல மனிதர். கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்து, கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார்.

"முதுகுப் பக்கம் ரெண்டு காசை அடுக்கி வெச்சா எவ்வளவு உசரமோ, அவ்வளவுதான் தூக்கணும். அதே சாய்வுல தேய்ங்க. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் பிசிறு சுருண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. விரல வெச்சா தட்டுப்படும். தட்டுப்பட்டா நிறுத்திட்டுத் திருப்புங்க. தட்டுப்படுற வரைக்கும் நிறுத்தாதீங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் அரைநொடியை அடியோடு கெடுத்தது இந்த வார்த்தைகள்தான். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பாள். நிறுத்தி, பெருவிரலை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தட்டுப்படாது. மறுபடி தேய்ப்பாள். தட்டுப்படாது. தட்டுப்படுகிறவரை நிறுத்தக் கூடாதே! ஒரே பக்கத்தை அரைமணி, முக்கால்மணி தேய்த்தாள். கல்லின்மேல் கறுப்புத் தண்ணீராக வழிந்ததெல்லாம் கத்தி. மறுநாள் காலையில் மேஸ்திரி கேட்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து "பேசுது" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். பதினெட்டு வருஷமாக ஜோடியாக இருக்கிற நாத்தனாருக்குக்கூட அது பொய் என்று தெரியாது.

மூன்றாவது தடவை கடைக்கு வந்தாள். இந்தமுறை கடைக்காரர் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பட்டையைக் காட்டினார். இரும்புத் தகட்டின்மேல் வைரப்பொடி ஒட்டியது, பிடிக்குள் மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் வேண்டாம், நின்ற இடத்தில் தேய்க்கலாம். கல்லைப்போல் இரண்டு மடங்கு விலை. ஆனால் வெளிவேலைக்கு இதைவிட மலிவில் நல்லது இல்லை என்றார். அழுத்தக் கூடாது, அழுத்தினால் பொடி உதிர்ந்துவிடும் என்றும் சொன்னார். அவள் காதில் விழுந்தது. ஆனால் அழுத்துகிறோமா இல்லையா என்பதும் விரலுக்குத் தெரிந்தால்தானே?

பணம் கொடுக்கும்போது சில்லறை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. கடைக்காரர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். எழுந்தபோது அவள் கையை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "கைய யாருகிட்டயாவது காட்டினீங்களா அக்கா?" என்றார்.

"உங்ககிட்ட சாணை கேட்டா சாணையக் கொடுங்க. வைத்தியம் எதுக்கு?"

வந்த கோபத்தில் மீதிச் சில்லறையைக்கூட எண்ணாமல் நடந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமலில்லை. இதை மறைத்து எழுதினால் அவளை முட்டாள் என்று சொன்னதாகிவிடும். அவள் முட்டாள் இல்லை. இரண்டு வருஷமாகவே தூக்கத்தில் கை மரத்துப்போய், உதறிவிட்டுப் படுப்பாள். பிறகு பகலிலும் மரத்தது. பிறகு மரத்தது தெளியவேயில்லை. பெருவிரலுக்கு அடியில் இருந்த சதைமேடு வற்றிக் குழிந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருந்தது. கொட்டகைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: கை நடுக்கம் உள்ளவர்கள், கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் கத்தியைத் தொடக் கூடாது. கை போய்விட்டது என்றால் வேலை போய்விட்டது. தன் வேலை மட்டுமில்லை, நாத்தனாரின் வேலையும். கத்தி மழுங்கியிருக்கிறது என்றால் அதற்குக் கடையில் மருந்து கிடைக்கும். அதனால் கத்திதான் மழுங்கியிருக்கிறது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். ஐந்து மாதம் அந்த முடிவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவள் புருஷன் வீட்டு முன்னறையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். வாய் ஓயாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர், டியூபைக் கீழே வைத்துவிட்டு வந்து கத்தியை வாங்கினார். தன் முன்னங்கையில் வைத்து இழுத்தார். மயிர் சுத்தமாக மழிந்து வந்தது.

"என்னடி இது? இத வெச்சு எனக்குச் சவரமே பண்ணிடலாம் போலிருக்கே. இன்னும் எதுக்குத் தேய்க்கிற?"

"பேசலங்க."

"இதுக்கு மேல இது பேசுச்சுன்னா என் கழுத்துகிட்டதான் வந்து பேசும்." சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் திருப்பிப் பார்த்தார். வாங்கும்போது மூன்று விரல் அகலம் இருந்தது, இப்போது ஒன்றரை விரல்தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, வாய் கோணிக்கொண்டு நின்றது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க, கையக் காட்டு" என்றார்.

"உங்க டியூபப் போய்ப் பாருங்க" என்று அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டில் அவள் சம்பளம்தான் பெரியது, அது இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்து அறையில் நாத்தனாரின் மூத்த பெண் காலேஜ் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி டியூபை எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கினார்.

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை. மூடுபனி, கால் வைத்தால் கணுக்கால்வரை சேறு. கம்பெனி கொடுத்த கையுறை கறுஞ்சிவப்பு ரப்பர். அரைநொடி இடது கையுறையைக் கழற்றி, பெருவிரலைக் கத்தி வாயில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். ஒன்றும் இல்லை. குறுக்காக வைப்பதை விட்டுவிட்டு நெடுக்காக ஒரு இழு இழுத்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. மேஸ்திரியின் தொப்பி பனிக்குள் நெருங்கி வருவது தெரிந்ததும், கையைப் பார்க்காமலே கையுறையை மாட்டிக்கொண்டு, "பேசுது" என்றாள்.

அன்றைக்குக் கத்தி கோஸுக்குள் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. அதுதான் ஆபத்தாகவும் போயிற்று. தண்டு தடுக்கும் என்று எப்போதும் கொடுக்கிற அழுத்தத்தை அவள் கொடுத்தாள், தண்டு தடுக்கவில்லை. மூன்றாவது வரிசையில் கத்தி தண்டைத் தாண்டிப் போய், காயைப் பிடிக்க வந்த நாத்தனாரின் கையுறையைச் சுண்டுவிரல் பக்கம் ஒரு அங்குலத்துக்குப் பிளந்தது.

"என்ன அண்ணி, என்னையும் சேத்துப் பெட்டிக்குள்ள போடப் பாக்குறீங்களா?" என்று நாத்தனார் சிரித்தாள். விரலை எடுத்துப் பார்த்தாள். தோல்கூடக் கீறவில்லை. கிழிந்த ரப்பரை மடக்கிவிட்டுக்கொண்டு அடுத்த காய்க்குக் கையை நீட்டினாள். அரைநொடி கத்தியை ஒரு கணம் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளிப் புடிடி" என்றாள். தள்ளிப் பிடித்தால் வேலை ஓடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஐந்து காய்க்குப் பிறகு நாத்தனாரின் கை பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

பத்து மணிக்குக் கொட்டகையிலிருந்து ஆள் ஓடிவந்தார். டிரெய்லரை நிறுத்தச் சொன்னார்கள். இறக்கிய காய்களில் சேற்றோடு சேற்றாக இரத்தம் இருக்கிறதாம். ஒன்றிரண்டு காயில் இல்லை, பதினாறு பெட்டியில். ஒரு டிரெய்லர் சரக்கை மொத்தமாகக் குழியில் கொட்ட வேண்டியதுதான்.

மேஸ்திரி எல்லோரையும் வரப்பில் நிற்கவைத்தார். "யாருக்கு வெட்டுப்பட்டிருக்கு? மறைக்காம சொல்லிடுங்க."

அரைநொடி வரிசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். "யாருடி அது? பதினாறு பெட்டி வரைக்கும் பட்டிருக்குன்னா ஆழமா இருக்கும். பாவம், பயந்துகிட்டு நிக்குறா போல" என்று நாத்தனார் காதில் சொன்னாள். அவள் நடிக்கவில்லை. உண்மையாகவே அந்த யாரோ ஒருத்திக்காக இரக்கப்பட்டாள்.

"எல்லாரும் கையுறையக் கழட்டுங்க" என்றார் மேஸ்திரி.

அவளும் கழற்றினாள். கையுறைக்குள் தேங்கியிருந்தது மணிக்கட்டு வழியாக வழிந்து, சேற்றில் சொட்டியது. பெருவிரலின் நுனிச் சதை ஒரு பக்கம் திறந்து தொங்கியது. பக்கத்தில் இருந்தவள் "ஐயோ" என்று பின்னால் நகர்ந்தாள். அரைநொடி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. துணியை எடுத்து அவரே விரலில் சுற்றினார். "எப்ப பட்டுச்சு அக்கா?" என்று கேட்டார். பிறகு, "ஏன் சொல்லல?" என்றார்.

நாத்தனார் அவள் முதுகுப்புறம் ஒட்டி நின்றாள். உதட்டை அசைக்காமல் பேசினாள். "தெரியும்னு சொல்லுங்க அண்ணி. காலையிலயே பட்டுச்சு, வலிச்சுது, வேலை கெட்டுடும்னு பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. திட்டுவாரு, ஒரு வாரம் நிறுத்துவாரு. அவ்வளவுதான். சொல்லுங்க அண்ணி."

போன வருஷம் ஒருத்தி வெட்டை மறைத்து வேலை பார்த்து, ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். அவள் இன்றைக்கும் இதே வரப்பில் நிற்கிறாள். ஆகவே நாத்தனார் சொன்னது நடக்கக்கூடிய காரியம். அரைநொடி வாயைத் திறந்துவிட்டாள். "தெரியு" வரைக்கும் நாக்கில் வந்துவிட்டது. அப்போது நாத்தனாரின் கை பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல அமுக்கியது. கையுறை இல்லாத வெறுங்கை. பதினெட்டு வருஷமாகக் கத்திக்கு ஒரு விரற்கடை தூரத்தில், நிற்குமா நிற்காதா என்று ஒருநாளும் கேட்காமல் நீண்டு வந்த கை.

"தெரியலைங்க" என்றாள் அரைநொடி. "பட்டது தெரியல. இப்பவும் வலிக்கல. ரெண்டு கையிலயும் விரல் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு."

முழங்கையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

மேஸ்திரி கையை நீட்டினார். கத்தியைக் கேட்டு வாங்கி, தேய்ந்த வாயைப் பார்த்தார். "பாதிக் கத்தியக் காணோமேக்கா" என்றார். யாரோ சிரிக்க வந்து, அடக்கிக்கொண்டாள். மேஸ்திரி தன் பெருவிரலை அதன்மேல் குறுக்காக வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டார். முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்றார். பெரிய மருத்துவமனையில் மணிக்கட்டைக் கீறிச் சரிசெய்கிறார்கள், சீக்கிரம் போயிருந்தால் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். பிறகு, கணக்கை நாளைக்கு வந்து இரண்டு பேரும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு பேரும் என்று சொல்லும்போது மட்டும் அவர் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குக் கை நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி?" என்றாள் நாத்தனார்.

"வெட்டத் தெரிஞ்ச ஆளா ஒருத்தியக் கூட்டிட்டு வாம்மா. ஜோடியா வந்தா எடுத்துக்கிறேன்."

வெட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த வரப்பிலேயே நின்றார்கள், ஆளுக்கொரு ஜோடியோடு.

பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு பேரும் நடந்து போனார்கள். பகல் பதினொரு மணிக்கு அந்தச் சாலையில் அவர்கள் நடந்ததே இல்லை. வெயில் ஏறி, பனி போயிருந்தது. நாத்தனார் பேசுவாள் என்று அரைநொடி எதிர்பார்த்தாள். அழுவாள், திட்டுவாள், பழைய காலத்துச் சண்டையை எல்லாம் தோண்டி எடுப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் ஒன்றும் செய்யாததால், கடைசியில் இவளே ஆரம்பித்தாள்.

"உன் விரல் போயிருக்கும்டி. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. கிழிஞ்சத பாத்தல்ல? அதான் சொல்லிட்டேன்."

நாத்தனார் நின்றாள். நீளாத வலது கையையும் நீள்கிற இடது கையையும் முன்னால் கொண்டுவந்து, விரல்களை விரித்துக் காட்டினாள்.

"பத்து இருக்கு அண்ணி. ஒண்ணு போயிருந்தாலும் ஒன்பத வெச்சு அடுக்கியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அரைநொடி திருப்பிக் கொடுத்திருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. விரலில் சுற்றிய துணி முழுக்க இரத்தத்தில் நனைந்துவிட்டது. அதுவும் நாத்தனார் பார்த்துச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

பஸ் வந்தது. நாத்தனார் முன்வாசலில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். அரைநொடி பின்வாசலில் ஏறினாள்.